கதவைத் திறப்பதற்கு முன்: ஒரு சாவிக்காரரின் நாள்

எனக்குக் கடை இல்லை. ஒரு வெள்ளை வேன் உண்டு. அதன் பின்கதவைத் திறந்தால் இரண்டு சாவி வெட்டும் இயந்திரங்கள், வரிசையாகத் தொங்கும் வெட்டாத சாவிகள், அஞ்சல்பெட்டிப் பூட்டு முதல் மின்னிலக்கப் பூட்டு வரை பலவகைப் பூட்டுகள், துளையிடும் கருவி, மடக்கு ஏணி, ஒரு சிறு துணிப்பையில் மெல்லிய எஃகுக் கம்பிகள் எல்லாம் இருக்கும். ஈசூனில் நான் குடியிருக்கும் புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில் இருந்து தினமும் புறப்படுகிறேன். எங்கே முடிப்பேன் என்பதைத் தொலைபேசிதான் சொல்லும்.

என் பெயரட்டையில் 'நடமாடும் பூட்டு பழுதுபார்ப்புச் சேவை' என்று இருக்கும். தமிழர்கள் 'சாவிக்காரர்' என்பார்கள். 31 வயதுதான் ஆகிறது என்றாலும் பிள்ளைகளுக்கு நான் 'அங்கிள்'. இந்தத் தொழிலுக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

பள்ளிகளில் வேலை அனுபவம் பற்றிப் பேச அழைக்கும்போது மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எந்தப் பூட்டையும் திறப்பீங்களா?" பெரும்பாலானவற்றைத் திறப்பேன். ஆனால் என் வேலையில் அது எளிய பாதி. மற்றப் பாதி எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல, சென்ற மாதத்தின் ஒரு செவ்வாய்க்கிழமையை இங்கே எழுதுகிறேன். வாடிக்கையாளர்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

காலை 6.35: வேலை தராத அழைப்பு

முதல் அழைப்பு செங்காங்கிலிருந்து. உயர்நிலை நான்கு படிக்கும் மாணவர். பெற்றோர் இருவரும் அதிகாலை வேலைக்குப் போய்விட்டார்கள். இவர் காலையுணவு வாங்கக் கீழே இறங்கித் திரும்பி வந்தபோது மின்னிலக்கப் பூட்டு அசையவில்லை. எண் பலகையில் விளக்குகூட எரியவில்லை. சீருடையும் நுழைவுச் சீட்டும் உள்ளே இருந்தன. எட்டு மணிக்கு வாய்மொழித் தேர்வு. குரல் நடுங்கியது.

நான் ஈசூனிலிருந்து போய்ச் சேர அரை மணி நேரமாவது ஆகும். அதனால் அவரிடம் ஒன்று கேட்டேன். "தம்பி, பூட்டோட வெளிப்பக்கத்துல, அடியில குனிஞ்சு பாருங்க. ரெண்டு சின்ன உலோகப் புள்ளி தெரியுதா?"

"தெரியுது, அங்கிள்."

"கீழே கடையில 9 வோல்ட் பேட்டரி, சதுரமா இருக்குமே, அதை வாங்கிட்டு வாங்க. பேட்டரியோட ரெண்டு முனையையும் அந்தப் புள்ளிகள்ல அழுத்திப் பிடிச்சுக்கிட்டு உங்க எண்ணை அழுத்துங்க. திறக்கலன்னா பேட்டரியைத் திருப்பிப் பிடிங்க. நான் வேனை எடுத்துட்டேன், வந்துக்கிட்டே இருக்கேன்."

நான் விரைவுச்சாலையில் நுழைவதற்குள் மீண்டும் அழைத்தார். கதவு திறந்துவிட்டது. "எவ்வளவு தரணும், அங்கிள்?" என்றார். "தேர்வை நல்லா செய்யுங்க, உள்ளே இருக்கிற பேட்டரி எல்லாத்தையும் இன்னைக்கே மாத்தச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டேன்.

பல மின்னிலக்கப் பூட்டுகளில் இந்த அவசர மின்முனை உண்டு. புதிய சிலவற்றில் கைப்பேசி மின்னூட்டியைச் செருகும் துளையே இருக்கும். பேட்டரி தீர்வதற்கு முன்பே பூட்டு ஒலியெழுப்பி எச்சரிக்கவும் செய்யும். பலர் அதைக் கவனிப்பதில்லை.

இப்படித் தொலைபேசியிலேயே முடியும் அழைப்புகளில் எனக்கு வருமானம் கிடையாது. நேரில் போய், அதே பேட்டரியை வைத்துத் திறந்துவிட்டுப் பணம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அதைத் தடை செய்திருந்தார்.

ஆறு மாதம் வாய் பேசும் பயிற்சி

நான் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் இயந்திரத் தொழில்நுட்பம் படித்தவன். பூட்டுத் தொழிலைக் கற்றதோ ஒரு சீன முதியவரிடம். முதல் ஆறு மாதங்களுக்கு அவர் என்னை ஒரு கதவையும் தொடவிடவில்லை. அவர் வேலை செய்யும்போது வாடிக்கையாளரிடம் பேச்சுக் கொடுப்பதுதான் என் பணி. எத்தனை ஆண்டுகளாக இந்த வீட்டில் இருக்கிறீர்கள், சாவி எப்படித் தொலைந்தது, வேறு யாரிடம் சாவி இருக்கிறது, உள்ளே கதவுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது?

உண்மையிலேயே அங்கே குடியிருப்பவர் யோசிக்காமல் பதில் சொல்வார்: "செருப்பு அலமாரி, அதுக்கு மேல சாமிப் படம்." கதவு திறந்ததும் அது அப்படியே இருக்கும். இந்தச் சிறு கேள்விகளுக்குப் பின்னால் பெரிய காரணம் ஒன்று இருப்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. கதவுக்கு வெளியே நிற்பவர் யார் என்பது பூட்டுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவன் நான்.

அடையாள அட்டையையும் கேட்பேன். அட்டையிலோ சிங்பாஸ் செயலியிலோ உள்ள முகவரி அந்தக் கதவு எண்ணோடு பொருந்த வேண்டும். அட்டை வீட்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தால், திறந்த உடனே முதல் வேலையாக அதை எடுத்துக் காட்டச் சொல்வேன். பார்ப்பதோடு சரி, படம் எடுத்து வைப்பதில்லை. சட்டம் கேட்டால் தவிர, நிறுவனங்கள் அடையாள அட்டை எண்களையும் நகல்களையும் பொதுவாகச் சேகரிக்கக் கூடாது என்ற விதி 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. என் குறிப்பேட்டில் நேரம், கதவு எண், 'முகவரி சரிபார்த்தேன்' என்ற மூன்றும் மட்டுமே இருக்கும்.

காலை 9.20: ஐந்து ஊசிகளின் கணக்கு

அடுத்தது அங் மோ கியோவில். தாழ்வாரத்தில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வந்த மலாய் மூதாட்டி. காற்றில் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. பக்கத்து வீட்டார் அவருக்கு நாற்காலி போட்டு, தேநீரும் கொடுத்திருந்தார்கள். அண்டைவீட்டாரே அடையாளம் சொல்லும் இடங்களில் என் மனம் இலேசாகிவிடும்.

அந்தக் கதவில் இருந்தது வழக்கமான ஊசிப் பூட்டு. சாவித் துளைக்குள் ஓர் உருளை இருக்கிறது. அது சுழன்றால் கதவு திறக்கும். அதைச் சுழலவிடாமல் ஐந்து அல்லது ஆறு ஊசிகள் குறுக்கே நிற்கின்றன. ஒவ்வோர் ஊசியும் இரண்டு துண்டுகள். அவற்றை ஒரு சிறு சுருள்வில் அழுத்திக்கொண்டிருக்கும். சரியான சாவி நுழையும்போது அதன் பற்கள் ஒவ்வோர் ஊசியையும் வேண்டிய உயரத்துக்குத் தூக்குகின்றன. எல்லா ஊசிகளின் பிளவும் உருளையின் விளிம்பில் ஒரே கோட்டில் வந்து நிற்கும் அந்தக் கணத்தில் உருளை சுழல்கிறது. ஒரே ஒரு பள்ளம் கால் மில்லிமீட்டர் பிசகினாலும் பெரும்பாலும் சுழலாது.

கணிதம் படிப்போர் போட்டுப் பார்க்கலாம். ஐந்து ஊசிகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு உயரங்கள் என்றால் 7,776 வெவ்வேறு சாவிகள். ஊசியை ஆறாக்கினால் 46,656. பக்கத்துப் பக்கத்துப் பள்ளங்களின் ஆழம் மிகவும் வேறுபட்டால் சாவி நுழையாது என்பதால் நடைமுறையில் எண்ணிக்கை இதைவிடக் குறையும்.

சாவி இல்லாதபோது நான் செய்வது, அந்த ஊசிகளை ஒவ்வொன்றாக மெல்லிய கம்பியால் அதன் உயரத்துக்குக் கொண்டுவருவது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. விரல் நுனிக்கு வரும் ஒரு சிறு அசைவை நம்பித்தான் வேலை. அன்று நான்கு நிமிடங்கள் ஆயின. மூதாட்டி நம்பவில்லை. "இவ்வளவு சுலபமா? அப்போ திருடனுக்கும் சுலபம்தானே?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. மரத்தாலான ஊசிப் பூட்டு பழங்கால எகிப்திலேயே இருந்தது. இன்று நம் கதவுகளில் உள்ள உருளைப் பூட்டின் வடிவத்துக்கு அமெரிக்கரான லைனஸ் யேல் 1861ல் காப்புரிமை பெற்றார். அதற்கும் முன்பே லண்டனில் ஜோசஃப் பிராமா என்பவர் தம் கடைச் சன்னலில் ஒரு பூட்டை வைத்து, அதைச் சாவியின்றித் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்திருந்தார். அரை நூற்றாண்டுக்கும் மேலாக எவராலும் முடியவில்லை. 1851ல் லண்டன் மாபெரும் கண்காட்சியின்போது ஆல்ஃபிரட் சார்ல்ஸ் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் பல நாள்களாக, மொத்தம் 50 மணி நேரத்துக்கு மேல் முயன்று அதைத் திறந்துவிட்டார்.

நான் மூதாட்டியிடம் சுருக்கமாகச் சொன்னேன்: "மக்சிக், எந்தப் பூட்டும் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். நாற்காலி போட்டுக் கொடுத்த உங்க பக்கத்து வீட்டுக்காரங்கதான் நல்ல பூட்டு." அவர் சிரித்துவிட்டார்.

நண்பகல்: தேக்காவில் தாத்தாவின் பூட்டு

லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் வேலை பார்த்தவர் சாவியைத் திருப்பித் தராமலே விலகிவிட்டார். முதலாளி பூட்டையே மாற்றச் சொன்னார். தேவையில்லை, உருளையைக் கழற்றி உள்ளே இருக்கும் ஊசிகளை வேறு அளவுகளில் மாற்றிப் போட்டால் போதும். பூட்டு அதேதான், பழைய சாவி மட்டும் செல்லாது. செலவும் குறைவு.

வேலை முடிந்ததும் அவர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு கனமான பித்தளைப் பூட்டை எடுத்து வைத்தார். அவருடைய தாத்தா திண்டுக்கல்லிலிருந்து கொண்டுவந்த மாங்காய்ப் பூட்டு. சாவி எப்போதோ தொலைந்துவிட்டதாம். கையால் செய்யப்படும் திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உள்ளே இருப்பவை ஊசிகள் அல்ல, நெம்புத் தகடுகள். இதற்கு ஏற்ற வெட்டாத சாவி என் வேனில் இல்லை. பித்தளைத் துண்டு ஒன்றை எடுத்து அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவி, பூட்டுக்குள் நுழைத்து, தகடு உரசிய தடத்தைப் பார்த்து மீண்டும் ராவ வேண்டும். "அவசரம் இல்லைனா குடுங்கண்ணே, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன்" என்று வாங்கி வந்திருக்கிறேன். அந்த வேலைக்குப் பணம் பேசவில்லை. அது எனக்கு இன்னும் பாடம்.

பிற்பகல் 3.00: பூட்டக் கூடாத கதவு

தோ பாயோவில் ஒரு பெண்மணி தம் தாயாருக்காக அழைத்திருந்தார். தாயாருக்கு முதுமை மறதி. அந்த வாரம் இரண்டு முறை வீட்டை விட்டு வெளியேறி, ஒரு முறை பேருந்து முனையம் வரை போய்விட்டார். மகளுக்கு வேலையை விட முடியாது. உள்ளிருந்தும் சாவி போட்டால்தான் திறக்கும் பூட்டைப் பொருத்தச் சொன்னார். சாவி அவரிடம் மட்டுமே இருக்கும்.

பூட்டு வேனில் தயாராக இருந்தது. இருபது நிமிட வேலை, நல்ல கூலி. ஆனால் நான் அவரை உட்கார வைத்துப் பேசினேன்.

"அக்கா, நீங்க வேலையில இருக்கும்போது அடுப்புல தீப்பிடிச்சா அம்மா எப்படி வெளியே வருவாங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி அவருக்குத் தெரியாததல்ல. இரவெல்லாம் தூங்காமல் அதைத்தான் யோசித்திருப்பார் என்பது முகத்தில் தெரிந்தது. "அப்ப நான் என்னதான் செய்யறது?" என்றார் மெதுவாக.

கதவு திறந்தால் அவருடைய கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் சிறு உணர்கருவியைப் பொருத்தினேன். திறக்கும்போது வீட்டுக்குள்ளும் மணியடிக்கும். எதிர்வீட்டாரிடம் பேசினோம், மணி கேட்டால் எட்டிப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களைப் பற்றி ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பிடம் கேட்கும்படியும் சொன்னேன். இது முழுத் தீர்வு இல்லை. தாயார் மீண்டும் வெளியே போகலாம். அதைச் சொல்லாமல் நான் கிளம்பவில்லை. ஆனால் தீயிலிருந்து வெளியேற முடியாத கதவை என் கையால் பொருத்த எனக்கு மனம் வரவில்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது பாட்டி என் கருவிப் பையிலிருந்து சாவி ஒன்றை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கவனமாக என் கையில் வைத்து, "பத்திரம், தொலைச்சிடாதே" என்றார்.

இரவு 8.40: "வேண்டாம், அண்ணா"

அன்றைய கடைசி அழைப்பு உட்லண்ட்ஸில். அலுவலகச் சட்டையும் தோள்பையுமாக ஒருவர் வாசலில் நின்றார். நாற்பது வயதிருக்கும். சாவி வேலை செய்யவில்லை என்றார். அடையாள அட்டையைக் கேட்காமலே நீட்டினார். முகவரி சரி. கதவுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன், தயங்காமல் சொன்னார்.

ஆனால் பூட்டு புதியது. திருகாணிகளில் தூசிகூட இல்லை. கதவின் அடியில் வெளிச்சம் தெரிந்தது. நான் குனிந்தபோது உள்ளே ஓடிய தொலைக்காட்சியின் ஒலி திடீரென்று அடங்கியது.

"உள்ளே யாராவது இருக்காங்களா, சார்?"

"இல்லை. நீங்க திறங்க."

நான் கதவைத் தட்டினேன். "நான் பூட்டு பழுதுபார்க்கிறவன். கதவைத் திறக்கக் கூப்பிட்டிருக்காங்க. உங்களுக்குச் சம்மதமா?"

நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு பெண் குரல்: "வேண்டாம், அண்ணா."

அவர் கோபப்பட்டார். இது என் வீடு, என் பெயரில் இருக்கிறது, மாதாமாதம் தவணை கட்டுகிறேன் என்றார். இரண்டு மடங்கு தருகிறேன் என்றார். நான் கருவிப் பையை மூடினேன். அப்போது அவருடைய குரல் மாறியது. நீரிழிவு மாத்திரைகள் உள்ளே இருக்கின்றன, காலையிலிருந்து போடவில்லை என்றார்.

அது உண்மையாக இருக்கலாம். கதவருகே நின்று அதை அப்படியே சொன்னேன். சில நிமிடங்கள் கழித்துத் தாழ்வாரச் சன்னல் ஒரு சாண் அளவு திறந்தது. கம்பிகளுக்கு இடையே ஒரு கை மருந்துப் பையை நீட்டியது. நான் வாங்கி அவரிடம் கொடுத்தேன். அவர் அதைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் சுவரில் சாய்ந்துகொண்டார்.

குடும்ப நீதிமன்றம் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கலாம். ஒருவர் வீட்டுக்குள் நுழையாதபடி விலக்கிவைக்கும் ஆணையும் உண்டு. இங்கே அப்படி ஏதும் இருந்ததா, அநியாயம் யார் பக்கம், எனக்குத் தெரியாது. வாசலில் நின்று தீர்ப்பளிப்பது என் வேலையும் இல்லை. உள்ளே இருப்பவர் வேண்டாம் என்கிறார். அதற்கு மேல் என் கம்பிகளுக்கு அங்கே வேலையில்லை. "போலிஸைக் கூப்பிடுங்க சார், அவங்க ரெண்டு பேர் சொல்றதையும் கேப்பாங்க" என்று சொல்லி, அவர் மின்தூக்கியில் இறங்கும் வரை நானும் அங்கேயே நின்றேன்.

அன்றிரவே என் சேவைக்கு இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் வந்தது: 'பூட்டைத் திறக்கத் தெரியாதவர்.' நான் பதில் எழுதவில்லை. எழுதினால் அந்த வீட்டைப் பற்றி எழுத வேண்டியிருக்கும்.

இத்தொழிலுக்கு வர நினைக்கிறீர்களா?

ஐந்து அழைப்புகளில் மூன்றுக்குக் கூலி கிடைத்தது, இரண்டுக்கு இல்லை. எல்லா நாளும் இப்படி இருப்பதில்லை. சில நாள்கள் காலை முதல் மாலை வரை அஞ்சல்பெட்டிப் பூட்டுகளை மாற்றுவதோடு சரி. வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும். இரவு இரண்டு மணிக்கும் தொலைபேசி ஒலிக்கும்.

கைத்திறன், பொறுமை, நுண்ணளவு பார்க்கும் பழக்கம் ஆகியவை வேண்டும். இப்போது மின்னணுவியலும் தேவை. கார் சாவிகளுக்குள் சில்லு வந்து வெகுகாலமாகிறது. வீட்டுப் பூட்டுகள் கைப்பேசியோடு பேசுகின்றன. மாண்டரினும் மலாயும் கொஞ்சமாவது பேசத் தெரிந்திருப்பது என் கருவிப் பையில் உள்ள எதையும்விட அதிகமாக உதவுகிறது.

இவற்றையெல்லாம் கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஒன்றை நீங்கள் எந்தத் துறைக்குப் போனாலும் சந்திப்பீர்கள். கணினிப் பாதுகாப்பு படிப்பவருக்கு அடுத்தவரின் கோப்புகளைத் திறக்கத் தெரியும். தாதிக்கு நோயாளியின் மருத்துவக் குறிப்புகளைப் பார்க்க முடியும். வங்கி ஊழியருக்குக் கணக்குகள் தெரியும். முடியும் என்பதாலேயே செய்துவிடலாமா? அந்தக் கேள்வியை யாரும் உங்களிடம் வந்து கேட்கமாட்டார்கள். பெரும்பாலும் அவசரமும் பணமும் சேர்ந்துதான் கதவருகே நிற்கும்.

பூட்டுக்காரரை அழைக்கும் முன்

* பிள்ளையோ முதியவரோ உள்ளே ஆபத்தில் இருந்தால் எங்களுக்காகக் காத்திருக்காதீர்கள். 995 எண்ணில் குடிமைத் தற்காப்புப் படையை அழையுங்கள்.
* மொத்தக் கட்டணம் எவ்வளவு என்று தொலைபேசியிலேயே கேளுங்கள். சிறு தொகை சொல்லி வந்து, துளையிட வேண்டும் என்று பல மடங்கு கேட்பவரைத் திருப்பி அனுப்பலாம்.
* சாதாரண வீட்டுப் பூட்டைக் கண்டதுமே துளையிடத் தொடங்குபவரிடம் காரணம் கேளுங்கள்.
* அடையாளம் எதையும் கேட்காமல் கதவைத் திறந்துவிடுபவரைப் பாராட்டாதீர்கள். நாளை வேறு யாருக்காகவும் அவர் உங்கள் கதவைத் திறப்பார்.
* பூட்டு இறுகினால் சமையல் எண்ணெய் ஊற்ற வேண்டாம். தூசி சேர்ந்து இன்னும் இறுகும். பூட்டுக்கென விற்கும் கிராஃபைட் தூள் போதும்.
* சாவியின் படத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். புது வீட்டுச் சாவியைக் கையில் பிடித்து எடுக்கும் மகிழ்ச்சிப் படத்திலிருந்தே அதன் பற்களை அளந்துவிட முடியும்.